பட்டும் பட்டையும்

ஆரணி என்று சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "நல்ல பட்டுப் புடவை என்ன விலைக்குக் கிடைக்கும் சார்?" இது முதல் கேள்வி. "அரிசி மூட்டை என்ன விலை?" இது இரண்டாவது. முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரியும். அதுவும், "புடவையைப் பொறுத்து!"

ஆனால் இந்தக் கட்டுரை பட்டைப் பற்றியது இல்லை, பட்டையைப் பற்றியது. (அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு முறை படித்தால் புரியும்.)

பட்டை என்றதும் நெற்றியில் பூசுகிற விபூதிப் பட்டை, பிரியாணியில் போடுகிற பட்டை என்று உங்கள் மனசு எங்கெங்கோ போகும். நான் சொல்வது ஜீப்புக்கும் லாரிக்கும் அடியில், வில் மாதிரி வளைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி இறுக்கிக் கட்டியிருக்கிறதே, அந்த இரும்புப் பட்டை. இங்கிலீஷ்காரன் அதற்கு லீஃப் ஸ்பிரிங் என்று பெயர் வைத்தான். லீஃப் என்றால் இலை. பசித்த நேரத்தில் வைத்த பெயராக இருக்க வேண்டும்!

பட்டை நமக்குப் புதிதில்லை. வில்வண்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டை வண்டியில் அச்சின் மேலேயே பலகை உட்கார்ந்திருக்கும். பாதையில் உள்ள ஒவ்வொரு கல்லும் நம் முதுகெலும்பில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகும். அச்சுக்கும் பலகைக்கும் நடுவில் இரும்பு வில்லை வைத்துக் கட்டினார்கள். அதுதான் வில்வண்டி. எங்கள் தாத்தா காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் ரயிலுக்குப் போகவேண்டுமானால் வில்வண்டி கட்டித்தான் போவார்களாம். (ரயில் எங்கள் ஊருக்குள் வந்ததில்லை. 'ஆரணி ரோடு' என்று ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பல மைல் தள்ளி நின்றுவிட்டது.)

வில்வண்டியில் ஏறுவதே ஓர் அந்தஸ்து. தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுச் சாலையில் போகவே கூடாது என்று திருவிதாங்கூரில் தடுத்து வைத்திருந்த காலத்தில், 1893ல் அய்யன்காளி துணிந்து ஏறிப் போனதும் ஒரு வில்வண்டியில்தான். யார் குலுங்கலாம், யார் குலுங்கக் கூடாது என்று அந்த இரும்பு வில்லை வைத்துக்கூட மனிதர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அதே வில்தான் பிற்பாடு மோட்டாருக்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்காக 1941லிருந்து அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளின. முன்னால் ஒரு முழு அச்சு, பின்னால் ஒரு முழு அச்சு, நாலு சக்கரத்துக்கும் நாலு பட்டைக் கட்டு. வேறு அலங்காரமே கிடையாது. 1945ல் நம் நாட்டில் மஹிந்திரா அண்ட் முகம்மது என்று ஒரு கம்பெனி தொடங்கியது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் நிதி மந்திரியாகிவிட்டார். 1948ல் அது மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. அந்தக் கம்பெனிதான் 1940களின் கடைசியில் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது. அதன் வாரிசுகள்தான் இன்றைக்கும் நம் மலைகளில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கின்றன.

மலை என்றதும் எங்கள் மலைக்கு வருகிறேன்.

ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலை. எங்கள் கமண்டல நாகநதிக்குத் தண்ணீர் (வருகிற வருஷங்களில்) அங்கிருந்துதான் வருகிறது. போளூர், அத்திமூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர். தார் ரோடு இருக்கிறது. ஆனால் அந்த ரோட்டைவிட்டு இறங்கிச் சில மலைக் கிராமங்களுக்குப் போகிற பாதை இருக்கிறதே, அதைப் பாதை என்று சொல்வதற்கு நல்ல மனசு வேண்டும். பாறை பாதி, மழை அரித்த பள்ளம் பாதி.

என் அக்கா மகன் அந்தக் கிராமங்களுக்குத்தான் போய் வருகிறான். சாமை, புளி, தேன், பருவத்தில் பலாப்பழம் வாங்கிவந்து கீழே விற்கிறான். அக்காவுக்கு இரண்டு தறி. மாமா போனபிறகு ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். இன்னொன்றில் பையன் உட்காருவான் என்று நம்பினாள். அவன் ஆறு மாசம் உட்கார்ந்தான். பிறகு, "தறிக்குழியில காலை விட்டா ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். நியாயம்தான். என் முழங்காலும் அதையேதான் சொல்கிறது. அந்த இரண்டாவது தறி இன்னும் பாவு இல்லாமல் வெறுமே நிற்கிறது.

மகனுக்கு வண்டி வாங்க அக்கா தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். சீட்டுப் பணமும் சேர்ந்தது. செகண்ட் ஹாண்டில் ஒரு தார் ஜீப் வந்தது. 2010ல் வெளியான அந்தப் பழைய தாரில் சிஆர்டிஇ என்று ஒரு வகை. அதற்குப் பின்னால்தான் பட்டை. முன்னால் பட்டையும் கிடையாது, முழு அச்சும் கிடையாது. முன் சக்கரம் இரண்டும் தனித்தனிக் குடித்தனம்! இடது சக்கரத்துக்கு என்ன கஷ்டம் வந்தாலும் வலது சக்கரத்துக்குச் சம்பந்தமில்லை. நல்ல ரோட்டில் ஓட்ட இதுதான் சுகம். அலுங்காது, குலுங்காது.

முழு அச்சு என்பது கூட்டுக் குடும்பம். இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் கட்டுப்பட்டிருக்கும். இடது சக்கரம் பாறைமேல் ஏறினால், தண்டு சாய்ந்து வலது சக்கரத்தைக் கீழே அழுத்தும். அண்ணன் மேலே போனால் தம்பி தரையைப் பிடித்துக்கொள்வான். நல்ல ரோட்டில் கொஞ்சம் சச்சரவு இருக்கும். (கூட்டுக் குடும்பத்தில் இல்லாத சச்சரவா?) ஆனால் பள்ளம் மேடு வரும்போது தெரியும் அதன் அருமை.

அந்த அருமை எங்கள் பையனுக்கு ஒரு மழை ராத்திரியில் தெரிந்தது. மலைக் கிராமம் ஒன்றில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். அரித்த பள்ளத்தில் முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்று சும்மா சுற்ற, வண்டி நின்றுவிட்டது. கல் தேடி, முட்டுக்கொடுத்து, ஆள் தள்ளி வெளியே வர அரை மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் இவன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் ஆரம்பித்தான். "முன்னாடி இருக்கறதை மொத்தமா அறுத்து எடுத்துட்டு, பழைய ஜீப்போட முழு அச்சைப் போட்டுப் பட்டை கட்டிடலாம் மாமா. பண்றாங்க. பெரிய டயர் போடணும். அதுக்குத் தோதா ஷேக்கிளை நீட்டிட்டா வண்டி ஒரு சாண் தூக்கிக்கும்!"

எங்கள் வீட்டில் 'அச்சு' என்றால் தறி அச்சு. நாடா ஓடினபிறகு ஊடையை அடித்து நெருக்குகிற அச்சு. அந்த மாசம் முழுக்க வீட்டில் அச்சு என்றால் எந்த அச்சு என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பையனைக் கூட்டிக்கொண்டு பட்டைக்கடை பாயிடம் போனேன். அவர் லாரிப் பட்டையோடேயே வளர்ந்த மனிதர். வண்டி ஒருபக்கம் சாய்ந்து வருகிறதென்றால் ரோட்டு முனையிலேயே எந்தப் பட்டை உடைந்திருக்கிறதென்று சொல்லிவிடுவார். அவசரப்படவே மாட்டார். முதலில் டீ. பிறகுதான் ஸ்பானர்.

பையன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஷேக்கிள் இன்னா வேலை செய்யுது? அதைச் சொல்லு, பண்ணித் தர்றேன்."

"வண்டியைத் தூக்கும் பாய்."

பாய் சிரித்தார். பக்கத்தில் கிடந்த ஒரு மூங்கில் பிளாச்சை எடுத்து வில்லாக வளைத்து, இரண்டு முனையையும் மேஜைமேல் ஊன்றினார். "நடுவுல அழுத்து" என்றார். பையன் அழுத்தினான். முனைகள் இரண்டும் விலகி நழுவின.

"பாத்தியா? வளைஞ்சது நிமிர்ந்தா நீளும். நீள்றதுக்கு எடம் குடுக்கணும். ரெண்டு முனையையும் ஆணி வச்சு இறுக்கிட்டா நீள முடியாது. அப்போ பட்டை உடையும், இல்லாட்டி சேசிஸ்ல பத்தவச்ச பிராக்கெட் பிச்சிக்கினு வரும். அதனால ஒரு முனையை ஆணியில மாட்டி, இன்னொரு முனையை ஊஞ்சல்ல மாட்டறோம். ஷேக்கிள்னா அந்த ஊஞ்சல் சங்கிலி. தூக்கறதுக்கு இல்லப்பா அது. விட்டுக் குடுக்கறதுக்கு."

நான் தறிக்காரன். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பாவை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், மிதிபலகையை மிதிக்கும்போது இழை மேலும் கீழும் பிரிய ஓர் இளக்கம் இருந்தாக வேண்டும். அந்த இளக்கம் இல்லையென்றால் இழை அறும்.

பாய் விடவில்லை. சுவரில் சாக்பீஸால் படம் போட்டார். பழைய ஜீப் வம்சத்தில் முன்பட்டையின் பின்முனை ஆணியில்; முன்முனை, அதாவது வண்டியின் மூக்குப் பக்கம், ஷேக்கிளில். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி இரண்டு அங்குலம் உயராது. அச்சு பட்டையின் நடுவில் இருப்பதால் ஓர் அங்குலம்தான் உயரும்.

"ஒரு அங்குலம் லாபம். நஷ்டம் இன்னா தெரியுமா? சைக்கிள்ல கையை விட்டாலும் ஹாண்டில் நேரா போவுதே, ஏன்? முன் ஃபோர்க்கு சாய்ஞ்சிருக்கு. வண்டியிலயும் சக்கரம் திரும்பற ஆணியோட தலை கொஞ்சம் பின்பக்கம் சாய்ஞ்சிருக்கும். அதுக்குப் பேரு காஸ்டர். நீ மூக்குப் பக்கம் ஷேக்கிளை நீட்டுனா பட்டை மூக்கடியில எறங்கும், அச்சு முன்னாடி கவுறும், அந்தச் சாய்வு போயிடும். அப்புறம் ஸ்டீரிங் தானா நேருக்கு வராது. எறக்கத்துல ஒரு சின்னப் பள்ளத்துல உழுந்தா முன் சக்கரம் ரெண்டும் ஆட ஆரம்பிக்கும். எப்படி ஆடும்? ஆடி மாசம் படவேட்டுல சாமி வந்து ஆடுதே, அப்படி! வேப்பிலை அடிச்சாலும் நிக்காது. வண்டி நின்னாத்தான் நிக்கும்."

"ஆப்பு வச்சுச் சரி பண்ணலாம்னு சொல்றாங்களே?" என்றான் பையன். அவனும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"பண்ணலாம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல சரிவா ஒரு ஆப்பு வச்சா அச்சு பின்னால சாயும். காஸ்டர் வந்துடும. ஆனா அச்சோட சேர்ந்து அதோட மூக்கும் கீழ பாக்கும். கியர் பெட்டியிலேர்ந்து அதுக்கு வர்ற சுத்துற தண்டு கோணலாயிடும். அதோட ஜாயிண்ட் அடி வாங்கும். அதைச் சரி பண்ணா பிரேக் ஓஸ் பத்தாது. ஓஸை மாத்துனா ஸ்டீரிங் ராடு இடிக்கும். ஒண்ணை இழுத்தா ஒம்பது வரும்ப்பா."

"சரி, ஷேக்கிள் வேணாம். கூட ரெண்டு பட்டை வச்சு உயர்த்திடலாம்."

"அது அதுக்கு மேல! பட்டை ஏற ஏற வில்லு விறைக்கும். விறைச்ச வில்லு பள்ளத்துல எறங்காது. மறுபடி உன் சக்கரம் அந்தரத்துலதான் நிக்கும். எதுக்காக இந்த வேலையை ஆரம்பிச்சியோ, அதுவே போச்சு."

அத்தோடு சட்டம் வேறு இருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்துக் கொடுத்ததற்கு மாறாக வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அச்சையே அறுத்து மாற்றிய வண்டி ஒரு விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அடியில்தான்.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க பண்ணலன்னா வேற எடத்துல பண்ணிக்கிறேன் பாய்" என்றான்.

"தாராளமா பண்ணிக்க. எனக்கும் நாப்பதாயிரம் ரூபா வேலை. வலிக்காம இல்ல. ஆனா உன் வண்டியில நாளைக்கு ஏறப்போறது யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்க உசுரு என் யூ போல்ட்டுல தொங்கறது எனக்கு வேணாம்."

அன்று ராத்திரி விஷயம் அக்காவிடம் போனது. அவளுக்குக் காஸ்டர் தெரியாது, ஷேக்கிள் தெரியாது. தறியிலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"அந்த மழை ராத்திரி மாதிரி இன்னொரு புள்ளத்தாச்சி ஏறினா, அந்த வண்டியில நீ தைரியமா எறங்குவியா?"

பையன் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை தானாகவே பாய் கடைக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். அந்த மழை ராத்திரிக் கதையைப் பாய் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஏதோ ஸ்டைலுக்குக் கேக்கறேன்னு நெனச்சேன். உனக்கு முழு அச்சு வேணும். நியாயம். ஆனா இந்த வண்டியில ஏத்தாதே. பொறக்கும்போதே முழு அச்சோட பொறந்த வண்டியை வாங்கு. பட்டையை நான் கட்டித் தர்றேன்."

தாரை விற்றோம். ஏலத்தில் போய்க் கைமாறிய ஓர் எம்எம் 540 அகப்பட்டது. பியூஜோ டீசல் இன்ஜின், நாலு சக்கர இழுவை, முன்னும் பின்னும் முழு அச்சு, நாலு கட்டுப் பட்டை. பெயிண்ட் போயிருந்தது, சேசிஸ் நேராக இருந்தது. பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு. மூட்டுதான் போயிருக்கு" என்றார், டாக்டர் மாதிரி.

இரண்டு கையில் கிரீஸோடு நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு உதவும். இல்லாதவர்கள் வைத்திருப்பவர்களிடம் சொல்லிப் பெயர் வாங்கலாம்.

பட்டைக் கட்டு இரண்டு வேலை செய்கிறது. பாரத்தைத் தாங்குகிறது, அச்சு முன்னேயோ பின்னேயோ பக்கவாட்டிலோ ஓடிவிடாமல் பிடித்தும் வைக்கிறது. வேறு கை, கால், கம்பி எதுவும் கிடையாது. ஒரே சம்பளத்துக்கு இரண்டு வேலை! அதனால் பட்டை கோணினால் வண்டியே கோணும்.

கட்டைப் பிரித்ததும் பட்டைகளுக்கு நடுவிலிருந்து துரு கொட்டியது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித்தான் குலுக்கலை அடக்க வேண்டும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் பத்துப் பட்டையும் ஒரே கட்டை மாதிரி விறைத்துவிடும். தேய்த்துக் கழுவி, கிராஃபைட் கிரீஸ் தடவினார் பாய். தொய்ந்துபோன பட்டைகளை உலையில் காய்ச்சி, வளைவு ஏற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினார். "சும்மா சம்மட்டியால அடிச்சு வளைச்சா ரெண்டு மாசம் நிக்கும், அப்புறம் படுத்துக்கும்" என்றார். பட்டையில் எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டை போடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. பதம் போய் அந்த இடத்திலேயே உடையும்.

முன்பக்கம் ஒரு மெயின் பட்டையில், முனையில் சுருட்டியிருக்கிற கண்ணுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருந்தது. அதைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கினோம். எங்கள் விழுதிலும் கண் உண்டு. அது தேய்ந்தால் பட்டிழைதான் அறும். இது உடைந்தால் அச்சே ஒருபக்கம் நழுவும்.

ஷேக்கிள் கம்பெனி நீளத்திலேயே இருந்தது. நீட்டவில்லை. புது ஆணி, புது புஷ். வண்டி தன் பாரத்தோடு நிற்கும்போது ஷேக்கிளின் கீழ்முனை கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பட்டை நிமிரும்போது ஊஞ்சல் வெளியே ஆடும். செங்குத்தாகவோ உள்பக்கம் சாய்ந்தோ நின்றால் ஊஞ்சல் முட்டுக்கட்டை ஆகிவிடும். புஷ் போல்ட்டைக்கூட வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் உட்கார்ந்தபிறகுதான் இறுக்கினார். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

கடைசியில் என் வேலை வந்தது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அண்ணே, நல்லா முறுக்கின பட்டு நூலா ஒண்ணு கொண்டாங்க" என்றார் பாய். நான் பருத்தி நூல் கொண்டுபோனேன். பட்டை இழுத்தால் நீளும், அளவுக்கு ஆகாது. (இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் பாய்க்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்னும் மறக்கவில்லை.) இடது முன் சென்டர் போல்ட்டிலிருந்து இடது பின் சென்டர் போல்ட் வரை ஒரு நூல். வலதிலும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை. பாவு மரமும் படமரமும் கோணினால் துணி கோணலாக வரும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவன் நான். ஒரு மூலை நூல் மட்டும் ஒரு விரல்கடை நீண்டது. பாய் பார்த்தார். வலது பக்கத்துப் பட்டையின் சென்டர் போல்ட் அச்சின் குழியில் சரியாக உட்காமல் விளிம்பில் ஏறி நின்றது. யூ போல்ட்டைத் தளர்த்தி, உட்காரவைத்து, மறுபடி இறுக்கியதும் நான்கு நூலும் சொன்ன பேச்சைக் கேட்டன.

சோதனைக்கு, இடது முன் சக்கரத்தைச் செங்கல் அடுக்கின்மேல் ஏற்றினோம். வலது சக்கரம் தரையை விடவில்லை. பிரேக் ஓஸ் இழுபடவில்லை, டயர் எங்கும் உரசவில்லை. அப்புறம் போளூர் ரோட்டில் ஓர் ஓட்டம். ஸ்டீரிங்கை லேசாகப் பிடித்திருந்தான். வளைவிலிருந்து வெளியே வரும்போது அது தானாகவே நேருக்கு வந்தது.

முதல் மலைப் பயணத்துக்கு அக்காவும் வந்தாள். பழைய பாதை. அதே பள்ளம். வண்டி இடதுபக்கம் தலையைத் தூக்கியது, வலதுபக்கம் காலை ஊன்றியது, நிதானமாக ஏறி இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒரு கல் தேடவில்லை, ஒரு முட்டு வைக்கவில்லை. பையன் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

அக்காவின் தீர்ப்பு: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல உக்காந்துக்கினு காபி குடிக்க முடியாது." அதுவும் உண்மைதான். பட்டை வண்டி எப்படிக் கட்டினாலும் கொஞ்சம் குலுக்கும்.

விரிசல் விட்ட அந்தப் பழைய மெயின் பட்டையை அக்கா எடைக்குப் போட விடவில்லை. கொல்லர் பட்டறையில் கொடுத்து அரிவாள்மனை ஆக்கிக்கொண்டாள். நம் ஊரில் அரிவாளுக்கும் கத்திக்கும் கொல்லர்கள் தேடுகிற இரும்பு இதுதான். அன்றுமுதல் எங்கள் வீட்டில் பூசணிக்காய் பயந்து நடுங்குகிறது.

பாய் கூலியைப் பணமாக முழுதும் வாங்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு அடக்க விலையில் ஒரு புடவை கேட்டார். அக்காவே நெய்தாள். பட்டைக்குப் பட்டு.

போகும்போது பையனிடம் ஒன்று சொல்லி அனுப்பினார் பாய். "ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கு. அப்புறம் மாசத்துக்கு ஒருதரம் அடியில பாரு. பட்டை திடீர்னு உடையாது. முன்னாடியே சொல்லிட்டுத்தான் உடையும். பாக்கற கண்ணுதான் வேணும்."

அவன் தவறுவதில்லை. மாசாமாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோணியை விரித்து வண்டிக்கடியில் போய்விடுகிறான். இரண்டு மணி நேரம் காலை மட்டும் பார்க்கலாம். அக்கா தறியிலிருந்தபடியே ஜன்னல் வழியாக அந்தக் காலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:

"குழியில எறங்க மாட்டேன்னு எழுந்து போனான். இப்ப பாரு, வண்டிக்கடியில படுத்திருக்கான்!"